வேண்டாம் என்ற சொல்லுக்கு ஓர் இடம்

திருக்குறளில் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். குறிப்பறிதல் என்பது பொருட்பாலில் 71-ஆவது அதிகாரமாக வருகிறது. காமத்துப்பாலில் 110-ஆவது அதிகாரமாக மீண்டும் வருகிறது. அரசவையிலும் சரி, காதலிலும் சரி, வாய்ச்சொல் பிறக்கும் முன்பே முகம் பார்த்து உள்ளத்தைப் புரிந்துகொள்பவரை நம் மரபு உயர்ந்த இடத்தில் வைத்திருக்கிறது. வீட்டிலும் அப்படித்தான். பேச்சு வராத பிள்ளையின் மனம் பெற்றவளுக்குத் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய்யில்லை. பசியையும் தூக்கத்தையும் வலியையும் ஒரு தாய் குழந்தையின் கண்ணிலும் முனகலிலும் படித்துவிடுகிறாள்.

ஆயினும் குறிப்பறிதலில் அதிகாரம் முழுவதும் அறிபவர் கையில்தான் இருக்கிறது. அவர் அருகில் இல்லாதபோது குழந்தைக்கு மொழியே இல்லாமல் போகிறது. அவர் தவறாக அறிந்துகொண்டால், "அதைச் சொல்லவில்லை" என்று திருத்தக் குழந்தைக்கு வழியில்லை. பள்ளி வேனில், மருத்துவமனைக் கட்டிலில், திருமண வீட்டுக் கூட்டத்தில் அந்தப் பிள்ளை முன்பின் தெரியாத மனிதர்களின் ஊகத்தில் விடப்படுகிறது. தாய்க்கும் ஒருநாள் வயதாகும்.

மூளை முடக்குவாதத்தாலோ, ஆட்டிசத்தாலோ, வேறு காரணங்களாலோ வாய்ப்பேச்சு வராத அல்லது போதிய அளவு வராத குழந்தைகளுக்காகச் சில வழிகள் கடந்த அரை நூற்றாண்டில் உருவாகி வளர்ந்திருக்கின்றன. சைகைகள், பட அட்டைகள், சொற்பலகைகள், கண்ணால் நோக்கிச் சொல்லைத் தேர்ந்துகொள்ள உதவும் கண்ணாடித் தட்டுகள், தொட்டால் குரல் எழுப்பும் கருவிகள், கைக்கணினிச் செயலிகள் என்று அவை பலவகை. பேச்சுக்குத் துணையாகவும் பேச்சுக்கு மாற்றாகவும் வருவதால், அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இவற்றை ஏஏசி என்று குறிப்பிடுகிறார்கள். இதற்கென ஐசாக் என்ற பன்னாட்டுச் சங்கம் 1983 முதல் இயங்கி வருகிறது.

இலக்கியம் பேசும் பக்கத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். இந்தத் துறையின் மையத்தில் இருக்கும் கேள்வி நம்முடையது என்பதால்தான். ஒரு மனிதர் பேசவேண்டிய சொற்களை யார் தேர்ந்தெடுப்பது? பேசுகிற குழந்தை தெருவிலிருந்தும் பாட்டியிடமிருந்தும் சண்டையிலிருந்தும் சொற்களைத் தானாகப் பொறுக்கிக்கொள்கிறது. பலகையில் பேசும் குழந்தைக்கு, பெரியவர்கள் எதை ஒட்டிக்கொடுக்கிறார்களோ அதுவே அகராதி.

*

இந்தக் கேள்வியின் கூர்மையை உணர சார்லஸ் பிளிஸ் என்ற மனிதரின் கதையைச் சற்று நினைவுகூரலாம். 1897-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்த யூதர் அவர். பல மொழி பேசும் இனங்கள் ஒன்றையொன்று வெறுத்த ஊர் அது. வியன்னாவில் வேதிப் பொறியியல் படித்தார். 1938-இல் நாஜிகள் அவரை டாக்காவ் முகாமிலும் பிறகு புக்கன்வால்ட் முகாமிலும் அடைத்தார்கள். மனைவியின் முயற்சியால் விடுதலையாகி, சுற்றியலைந்து ஷாங்காய் சேர்ந்தார். அங்கே கடைப்பலகைகளில் கண்ட சீன எழுத்துகள் அவரைப் பற்றிக்கொண்டன. ஒலியைச் சாராமல் பொருளை நேராகக் காட்டும் எழுத்து உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருந்தால், சொற்களால் மக்களை ஏய்க்கும் வேலையும் போரும் ஒழிந்துவிடும் என்று நம்பினார். போர் முடிந்தபின் ஆஸ்திரேலியாவில் குடியேறி, 1949-இல் தம் குறியீட்டு முறையை நூலாக வெளியிட்டார். உலகம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

1971-இல், அவர் அறியாமலேயே, கனடாவின் டொராண்டோ நகரில் உடற்குறையுள்ள குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் ஷர்லி மெக்நாட்டன் என்ற ஆசிரியை அந்தக் குறியீடுகளைக் கண்டெடுத்தார். அவரிடம் இருந்தவர்கள் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள். பேச்சு வராது, எழுதப் படிக்கவும் இன்னும் தெரியாது. அதுவரை அவர்களிடம் இருந்த படங்கள் கேட்பதற்கு மட்டுமே பயன்பட்டன. பிளிஸின் குறியீடுகளோ ஒன்றோடொன்று இணைபவை. இதயத்தின் வடிவம் உணர்வைக் குறிக்கும். அதோடு மேல்நோக்கிய அம்பைச் சேர்த்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கிய அம்பைச் சேர்த்தால் துயரம். எதிர்ப்பொருளுக்கு ஒரு குறி, வினாவுக்கு ஒரு குறி. இல்லாத சொல்லை இருக்கிற சொற்களைக் கொண்டு குழந்தைகளே உண்டாக்கிக்கொள்ள முடிந்தது. உள்ளே இத்தனை இருந்ததா என்று பெரியவர்கள் வியந்தார்கள்.

செய்தி கேட்டு பிளிஸ் மகிழ்ந்து கனடாவுக்குப் பறந்தார். பிறகு மனம் கசந்தார். ஆசிரியைகள் குழந்தைகளுக்கு ஏற்றபடி குறியீடுகளை மாற்றினார்கள், புதியவற்றைச் சேர்த்தார்கள், இறுதியில் ஆங்கிலத்துக்குச் செல்லும் பாலமாக அவற்றைக் கருதினார்கள். தம் தூய மொழி கெடுக்கப்படுவதாக அவர் பல்லாண்டு போராடினார். 1982-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. 1985-இல் அவர் மறைந்தார்.

வதைமுகாமிலிருந்து மீண்டுவந்து ஒரு மொழியைச் சமைத்தவரின் வேதனையை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. என்றாலும் குழந்தைகளின் பக்கம்தான் நாம் நிற்கவேண்டியிருக்கிறது. மொழியை உண்டாக்கியவருக்கு அதன்மேல் பாசம் இருக்கலாம், பேசுகிறவருக்குத்தான் உரிமை. இன்று நம் ஊரில் ஒரு பள்ளியோ, மென்பொருள் நிறுவனமோ, அக்கறையுள்ள தந்தையோ ஒரு குழந்தைக்குப் பலகை செய்து கொடுக்கும்போது, பிளிஸ் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

*

பொதுவாக ஒரு பலகையில் என்ன இருக்கும்? தண்ணீர், சோறு, பால், பிஸ்கட், கழிப்பறை, பந்து, தூக்கம். கொஞ்சம் தாராளம் காட்டினால் மகிழ்ச்சி, சோகம், கோபம் என்று மூன்று முகங்கள். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணி, ஒவ்வொன்றும் எவையெவற்றிலிருந்து பிறக்கும் என்றும் வகுத்துவைத்தார். அவற்றில் இளிவரலும் மருட்கையும் இருந்தன. நம் குழந்தைகளுக்கு மூன்று முகங்கள் போதும் என்று எந்தத் துணிவில் முடிவு செய்கிறோம்?

இத்தகைய பலகை குழந்தையைக் கேட்டுப் பெறுபவனாக மட்டும் வைத்திருக்கிறது. மொழியின் வேலை அதுவா? ஒன்றரை வயதுக் குழந்தை பேசத் தொடங்கும்போது செய்வதைக் கவனியுங்கள். காக்கையைக் காட்டி "காக்கா" என்கிறது. காக்கை தனக்கு வேண்டும் என்பதற்காக அல்ல. நீயும் பார் என்பதற்காக. பிறகு வேண்டாம் என்கிறது. எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்கிறது. பிறகு ஏன் என்கிறது. பிறகு பொய் சொல்கிறது, கோள் சொல்கிறது, நேற்று நடந்ததைத் தன் இஷ்டப்படி கூட்டிச் சொல்கிறது. கதை அங்கேதான் பிறக்கிறது. இவை எதற்கும் பலகையில் இடம் இல்லையென்றால், நாம் அந்தக் குழந்தைக்குக் கொடுத்திருப்பது மொழி ஆகாது, உணவகத்தின் விலைப்பட்டியல்தான்.

ஆகவேதான் இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் பொருட்பெயர்களைக் காட்டிலும் அடிக்கடி புழங்கும் சிறு சொற்களை முன்னே வைக்கச் சொல்கிறார்கள். சில நூறு சொற்களே நம் அன்றாடப் பேச்சின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. வா, போ, வேண்டும், வேண்டாம், இல்லை, இன்னும், போதும், நான், நீ, அது, ஏன், எங்கே, பார், நிறுத்து, பிடிக்கவில்லை. இவற்றில் எதுவும் படம் வரைய எளிதானதல்ல. ஆப்பிளை வரைந்துவிடலாம், "போதும்" என்பதை எப்படி வரைவது? படம் வரைய எளிதாக இருப்பதையே குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் இப்படித்தான் வந்திருக்கவேண்டும்.

வேண்டாம் என்ற சொல்லை நாம் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதிர்த்துப் பேசாதவரை "வாயில்லாப் பூச்சி" என்று பரிவோடும் பாராட்டாகவும் சொல்கிற சமூகம் நம்முடையது. பேச்சு வராத பிள்ளை சொன்னபடி கேட்டால் சமர்த்து. மறுக்க வழியின்றித் தட்டிவிட்டால், கடித்தால், கத்தினால் அது "நடத்தைக் கோளாறு". வேண்டாம் என்று சொல்ல ஒரு சொல் இருந்திருந்தால் அந்தக் கடியில் பாதி நிகழ்ந்திருக்காது என்று பல பெற்றோர் சொல்வார்கள். இதைவிடக் கடுமையான ஒன்றும் இருக்கிறது. தீங்கு செய்ய நினைப்பவன் வெளியே சொல்ல முடியாத பிள்ளையைத்தான் தேடுகிறான். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், உடல் அல்லது மனக் குறைபாடுள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்கையில் அதன் தொடர்பு முறையை அறிந்தவரின் உதவியை நாட இடமளிக்கிறது. சட்டம் இடமளித்து என்ன பயன்? உடலின் மறைவிடங்களுக்கும், "தொட்டார்", "வலித்தது", "பயமாக இருக்கிறது" என்பனவற்றுக்கும் பலகையில் இடம் கொடாமல் "அசிங்கம்" என்று நாமே விலக்கிவைத்திருந்தால், அந்தக் குழந்தை எந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டும்?

*

தமிழில் இது மேலும் சிக்கலாகிறது. ஆங்கிலப் பலகையில் நான், வேண்டும், தண்ணீர் என்ற மூன்று கட்டங்களை வரிசையாகத் தொட்டால் ஒரு வாக்கியம் வந்துவிடும். அதையே பெயர்த்து வைத்தால் "நான் வேண்டும் தண்ணீர்" என்று யாரும் பேசாத ஒன்று கிடைக்கிறது. நமக்குப் பசிப்பதும் வலிப்பதும் பிடிப்பதும் வேண்டுவதும் "எனக்கு". நடப்பதும் வருவதும்தான் "நான்". ஆகவே இரண்டுக்கும் கட்டம் வேண்டும். வினைச்சொல்லோ ஒரு படத்தில் அடங்குவதில்லை. வா என்ற ஒன்றுக்குள் வருகிறேன், வந்தாள், வரமாட்டேன், வரட்டுமா, வாருங்கள் என்று எத்தனை! மரியாதை தெரியாத கருவி தாத்தாவைப் பார்த்து "வா" என்று சொன்னால், சிரிப்பவர் சிலர், முகம் சுளிப்பவர் சிலர். அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி என்று வீட்டில் நாலு பேர் இருக்க, "ஆன்ட்டி" என்று ஒரே ஒரு முகம் வரைந்த இறக்குமதிப் பலகையை வைத்து அந்தக் குழந்தை யாரைக் கூப்பிடும்?

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்ற நம் பழைய வழக்கும் இங்கே வந்து நிற்கிறது. வீட்டில் எல்லோரும் "வேணும்" என்று பேசுகையில், குழந்தையின் குரலாக ஒலிக்கும் கருவி மட்டும் செய்தி வாசிப்பவர்போல "வேண்டும்" என்று உரைக்கிறது. தூய தமிழில் நமக்குப் பற்று உண்டு. எனினும் ஒரு குழந்தையின் வாயில் வைக்கும் தமிழ், அது அம்மாவின் வாயிலிருந்து கேட்கும் தமிழாகவே இருக்கவேண்டும் என்பது நமது கருத்து. நூல் தமிழ் பின்னால் பள்ளியில் வரட்டும், எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுபோல.

இவ்வகையில் சென்னைக்கு ஒரு பெருமையும் உண்டு. 1985 முதல் இயங்கிவரும் வித்யாசாகர் அமைப்பின் ஆசிரியர்களோடும் குழந்தைகளோடும் சேர்ந்து, சென்னை ஐஐடியில் படித்த அஜித் நாராயணனின் நிறுவனம் ஆவாஸ் என்ற கருவியை உருவாக்கியது. முதலில் தனிக் கருவியாகவும் பின்பு கைக்கணினிச் செயலியாகவும் அது வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. எம்ஐடியின் டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 35 வயதுக்குட்பட்ட புதுமையாளர் பட்டியலில் 2011-இல் அவரைச் சேர்த்தது. படங்களை மட்டும் அடுக்கும் குழந்தைகளுக்கு இலக்கணம் கைவருவதில்லை என்பதைக் கண்டு, யார், என்ன, எப்போது என்ற கேள்விகளால் சொற்களை இணைத்து வாக்கியம் அமைக்கும் முறை ஒன்றைப் பற்றியும் 2013-இல் அவர் டெட் மேடையில் பேசினார். வேற்றுமையையும் வினைமுற்றையும் நம்பி நிற்கும் தமிழுக்கு இந்தத் திசை மிகவும் ஏற்றது.

விலையுயர்ந்த கருவி இல்லாதவர்கள் கைவிட வேண்டியதில்லை. நம் உயிர்மெய் அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ழான்-தொமினிக் பொபி 1995-இல் பக்கவாதத்தால் முழுதும் முடங்கி, அருகிலிருப்பவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இடக்கண் இமையை மூடிக் காட்டியே 1997-இல் வெளியான தம் நூலை எழுதினார். அவருடைய மொழிக்கு 26 எழுத்துகள். தமிழுக்கு 247 ஆயிற்றே என்று தோன்றும். ஆனால் அட்டவணை ஏற்கெனவே வரிசையும் நிரலுமாக நிற்கிறது. முதலில் மெய்யைக் காட்டி, பிறகு உயிரைக் காட்டினால் வேண்டிய எழுத்து கிடைத்துவிடும். அதிகம் போனால் 30 இடங்களைத்தான் கடக்கவேண்டும். எழுத்தறிந்த பிள்ளைக்கு ஒரு காகிதமும் பொறுமையுள்ள ஒருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

*

பெற்றோர் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. பலகை கொடுத்தால் வரவிருக்கும் பேச்சும் நின்றுவிடாதா என்பது முதல் அச்சம். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் மில்லர், லைட், ஷ்லோசர் மூவரும் வெளியிட்ட மதிப்பாய்வு இதற்குப் பதில் சொல்கிறது. நம்பத்தக்க சான்றுள்ள 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குக் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. கூடுதல் சிறியதுதான், எண்ணிக்கையும் சிறியதுதான். ஆயினும் பேச்சுக்காகக் காத்திருந்து மொழியற்ற ஆண்டுகளைக் கழிப்பதற்கு இந்த அச்சம் இனியும் காரணமாக முடியாது.

இதற்கெல்லாம் அறிவு வேண்டாமா, இவனுக்குப் புரியுமா என்பது இரண்டாவது. 1984-இல் ஆன் டொனலன் என்ற கல்வியாளர் ஓர் அளவுகோலை முன்வைத்தார். உறுதியான தரவு இல்லாத நிலையில், தவறென்று பின்னால் தெரிந்தாலும் மாணவருக்கு மிகக் குறைந்த கேட்டையே விளைவிக்கும் அனுமானத்தை வைத்துக்கொண்டு செயல்படுங்கள் என்பது அதன் சாரம். புரியும் என்று நம்பிப் பேசி, அது பொய்யானால் இழப்பு கொஞ்சம் நேரம். புரியாது என்று விட்டுவிட்டு, அது பொய்யானால் இழப்பு ஒரு பிள்ளைப்பருவம்.

மூன்றாவது ஐயத்தை நாம் முழுமையாக ஏற்கிறோம். பேசுவது குழந்தைதானா, உடனிருப்பவரா? குழந்தையின் கையைப் பெரியவர் பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்யவைக்கும் ஒரு முறை 1990களில் பெரும் நம்பிக்கையோடு பரவியது. இருவருக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டிச் சோதித்தபோது, உதவியாளர் கண்ட படத்தின் பெயரே எழுதப்பட்டது. அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் 2018-இலும் அம்முறையைப் பயன்படுத்தக் கூடாதென்று அறிவித்தது. அங்கே பேசியவர் பிடித்த கைக்குச் சொந்தக்காரர். அவரே அதை அறியவில்லை என்பதுதான் துயரம். குழந்தை தானாகத் தொட்டோ, நோக்கியோ, தலையசைத்தோ தேர்ந்தெடுக்கும் வழிகள் வேறு. அவற்றைத்தான் நாம் இங்கே பேசுகிறோம். ஆசிரியர் யார் என்பதில் இலக்கிய வாசகர்களுக்கு இருக்கும் கண்டிப்பு இந்தக் குழந்தைகளின் விஷயத்திலும் இருக்கட்டும். மோசமான ஒரு சொல் குழந்தையுடையதாக இருப்பது, அழகான ஒரு கவிதை உதவியாளருடையதாக இருப்பதைக் காட்டிலும் மேல்.

*

உடனிருப்பவர்கள் செய்யக்கூடியவை எளியவை. தொடர்ந்து செய்வதுதான் கடினம். முதலாவது, பலகையில் நாமும் பேசுவது. பேசும் குழந்தைக்கு ஓராண்டுக்கு மேல் பதிலை எதிர்பாராமல் பேசிக்கொண்டிருக்கிறோம். அது கேட்டுக் கேட்டுப் பேசுகிறது. பலகையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு மறுவாரமே "சொல்லு, சொல்லு" என்கிறோம். சோறு ஊட்டும்போது "இன்னும்" என்ற கட்டத்தையும், மழை பெய்யும்போது "பார்" என்ற கட்டத்தையும் நாம் தொட்டுத் தொட்டுப் பேசினால்தான் அது பேசும் பொருள் என்று குழந்தைக்குத் தெரியும். இரண்டாவது, காத்திருப்பது. ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் ஆகலாம். அந்த அரை நிமிடத்தை நம்மால் தாங்க முடிவதில்லை. நாமே சொல்லி முடித்துவிடுகிறோம். மூன்றாவது, பலகையைப் பிடுங்காமல் இருப்பது. அடம்பிடித்தால் கருவியை எடுத்து மேலே வைத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பேசும் குழந்தையின் வாயைக் கட்டிவைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொடர்பு என்பதற்கான வரையறையிலேயே இம்முறைகளைச் சேர்த்திருக்கிறது. அவற்றின் பயன்பாட்டைக் கல்வியில் ஊக்குவிக்கவேண்டியது அரசின் கடமை என்று 17-ஆவது பிரிவில் சொல்கிறது. பள்ளியில் பலகையைப் பையிலேயே வைக்கச் சொன்னால் பெற்றோர் தயங்காமல் இதை எடுத்துக்காட்டலாம்.

இதை வாசிக்கும் நம் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கே வருபவர்கள் சொற்களோடு வாழ்பவர்கள். கரிசலின் சொல்லையும் கொங்கின் சொல்லையும் வட்டார அகராதிகளில் சேர்த்துவைக்கத் தெரிந்தவர்கள். பேச்சு வராத ஒரு குழந்தை உங்கள் தெருவிலோ உறவிலோ இருக்கக்கூடும். அதன் பலகையில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டின் உறவுப்பெயர்கள், அந்த ஊரின் விளையாட்டுகள், கேலிச் சொற்கள், "சும்மா", "அய்யய்யோ", "போடா", "எனக்குத் தெரியும்" என்பனவெல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாதவற்றைச் சேர்க்க உதவுங்கள். எந்த வட்டாரத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகள் எந்தச் சொற்களை அதிகம் புழங்குகிறார்கள் என்று காதுகொடுத்துக் குறித்துவைத்தால், அதுவே நல்ல பலகைகளுக்கு அடித்தளம் ஆகும்.

பிறகு அந்தக் குழந்தையின் எதிரில் அமர்ந்து, நீங்களும் இரண்டு சொற்களைத் தொட்டுக் காட்டிவிட்டுக் காத்திருங்கள். அது முதலில் தொடும் சொல் "போ" என்பதாக இருக்கலாம். அப்படியானால் எழுந்து போய்விடுங்கள். சொன்னால் நடக்கும் என்று அதற்குத் தெரியவேண்டும்.